சுமைதாங்கியும் கலாசாலையும்

உலகில் தோன்றிய உயிர் யாவும் ஒரு நாள் மறைதல் இயற்கையே. ஆயினும், நம்முடன் கூடியிருந்து உண்டு, பேசி, களித்த ஒருவர் பிரிந்தவிடத்து, அவர் பெயர் அவரோடு மறைந்து போகாவண்ணம் ஏதேனும் ஒன்று செய்தல் வேண்டும் என்னும் வேட்கை எந்நாட்டு மக்களுக்கும் பொதுவானதாகும். அரசர் கோயில் எடுத்தனர். செல்வர் சத்திரம் கட்டினர். எளியோர் ஒரு கல்லை நாட்டினர்.

அக்கல்லைப் பற்றி முதலில் கூறுவோம். நம் நாட்டுப் பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைக் கிடத்தியிருப்பதை முதியோர் நன்கறிவர். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். மோட்டார் வண்டிகள் பெருகாத நாளில், தேரிக்காட்டு விடிலிகளில் காய்ச்சிய கருப்பட்டியைத் தலைச் சுமையாக ஏற்றிச் சந்தைக்கு நடந்த நம் முன்னோர், பிறர் கைத்துணை இல்லாமலே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் தக்க உயரத்தில் அக்கல் அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் மகப்பேறு காணாது மாண்ட பெண்ணின் ஞாபகார்த்தமாக அதனை நாட்டுதல் வழக்கம். இறக்கிவைக்க இயலாத சுமையுடன் சென்றவளுக்கு, வழிநடப்போர் தம் சுமையை இறக்கிவைக்கும்போதெல்லாம் ஆறுதல் உண்டாகும் என்பது நம் பெரியோர் கொண்ட நம்பிக்கை. இறந்தவருக்கு இயலாது போனதை இருப்பவருக்கு இயலச் செய்தலே சிறந்த நினைவுச் சின்னம் என்னும் தத்துவம் இவ்வெளிய வழக்கத்தினுள் அடங்கியிருக்கின்றது.

இவ்விஷயத்தை இப்போது எடுத்துரைக்க நேர்ந்த காரணம் ஒன்றுண்டு. சாத்தான்குளத்தைச் சார்ந்து வெளியூரில் வாணிபம் நடத்தும் நம் அங்கத்தினர் ஒருவர், அண்மையில் தம் வாழ்க்கைத் துணைவியாரை இழந்தார். அவ்வம்மையார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதனீர்க் காலத்தில் தாயாருக்கு உதவியாக விடிலியில் அடுப்பெரிக்கச் சென்றவர். கல்லூரி ஒன்றில் அவர் பெயரால் ஒரு கட்டடம் எழுப்ப விரும்புவதாகவும், அதனை எவ்வாறு செய்தல் நலம் என்றும் அன்பர் நம்மை வினவினார். ஒருவருக்குக் கூறும் விடை பலருக்கும் பயன்படக்கூடுமாதலின், பிற நாட்டாரும் நம் நாட்டாரும் இத்தகைய தருமத்தைச் செய்த வரலாற்றை ஆராய்ந்து, நாம் கண்டவற்றை இங்கு வரைகின்றோம்.

முன்னோர் முறை

இறந்தோர் பெயரால் கட்டடம் எழுப்புதல் மேனாட்டாரிடம் நாம் கற்ற வழக்கமன்று. சோழ மன்னர் தம் உற்றார் நினைவாகப் பள்ளிப்படைக் கோயில்களை எடுத்தனர். முதலாம் இராஜராஜனுடைய தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவியின் நினைவாக, அவர் வயிற்றிற் பிறவாத முதலாம் இராஜேந்திரன் பழையாறைப் பகுதியில் ஒரு பள்ளிப்படையை அமைத்தான். சிற்றன்னைக்கு மகன் எடுத்த அக்கோயில் இன்றும் நின்று நிலவுகின்றது.

அதே இராஜேந்திரன் காலத்தில், தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் 340 மாணவர் தங்கிக் கற்ற ஒரு பெருங் கல்விச்சாலை நடைபெற்றது. அது யார் நினைவுக்கும் எடுத்ததன்று. எனினும் அதன் கல்வெட்டு நம் கருத்துக்குப் பெரிதும் உரியது. இன்ன பாடத்திற்கு இத்துணை மாணவர், ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் இவ்வளவு நெல், ஆசிரியருக்கு இவ்வளவு, இவற்றுக்கெல்லாம் இன்ன நிலத்தின் விளைவு என்று கணக்கிட்டுக் கல்லில் வெட்டினர். கட்டடத்தின் சிறப்பைப் பேசுதலினும், உள்ளே இருப்போர் பசியாறுதற்கு வழி செய்தலிலேயே அக்காலத்தார் கருத்தைச் செலுத்தினர் என்பது இதனால் விளங்கும். கட்டளை என்று நாம் இன்றும் வழங்கும் சொல் அம்முறையின் எச்சமேயாம்.

பம்பாயில் ஒரு தாயின் பெயர்

இக்கால முறையிலான சர்வகலாசாலைகள் இந்தியாவில் 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பெற்றன. தொடக்கத்தில் அவை பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் சபைகளாகவே இருந்தன. பம்பாய்ச் சர்வகலாசாலைக்கு ஒரு நூல்நிலையம் வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டில் இரண்டு லட்சம் ரூபாய் வழங்கியவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் ஜைன வணிகர். அதே ஆண்டில் மேலும் இரண்டு லட்சம் அளித்து, நூல்நிலையத்தோடு ஒரு மணிக்கூண்டு எழுப்பி, அதற்குத் தம் அன்னையார் ராஜாபாயின் பெயரை இடும்படி வேண்டினார். கண்பார்வை இழந்த அத்தாயார், பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் தம் சமய நியமத்தைக் காத்தற்கு மணியோசை துணையாகும் என்றே மகன் அதனை எடுத்தார் எனப் பம்பாய் மக்கள் கூறுவர்.

இதில் நாம் கருதவேண்டியது வேறொன்றுண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தமையால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்லாது நின்று, இந்தியப் பஞ்சின் விலை வானளாவ ஏறிற்று. பிரேம்சந்தின் பெருஞ்செல்வம் அவ்வியாபாரத்தில் விளைந்தது. 1865-இல் போர் முடிந்தது, விலை வீழ்ந்தது, அவர் செல்வமும் சரிந்தது. ஆனால் தருமத்துக்கென ஒதுக்கிய பொருள் அதற்கு முன்பே சர்வகலாசாலையின் கைக்குச் சென்றுவிட்டது. 1869-இல் அடிக்கல் நாட்டி, 1878-இல் நூல்நிலையமும் 280 அடி உயரமுள்ள கோபுரமும் முடிவுற்றன. தமக்கென வைத்துக்கொண்டது போயிற்று. தாயார் பெயரால் கொடுத்தது நிலைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சு ஏற்றுமதியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்ட நம் வணிகக் குடும்பத்தார்க்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கடல் கடந்த இரண்டு

அமெரிக்காவில் ரயில்வே முதலாளியாகவும் கலிபோர்னியா மாகாணத்துக் கவர்னராகவும் விளங்கிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு ஒரே மகன். அவன் 1884-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், 15 வயதில், டைபாய்டு சுரத்தால் இறந்தான். தம் பிள்ளை போயினமையால் நாட்டுப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொள்வோம் எனப் பெற்றோர் உறுதி பூண்டு, 1885-இல் சாசனம் செய்து, மகன் பெயராலேயே நிறுவிய சர்வகலாசாலை 1891-இல் திறக்கப்பெற்றது.

1893-இல் கணவர் இறந்தார். சொத்துக்கள் வழக்கிலும் தடையிலும் சிக்கின. மனைவியார் ஜேன் அம்மையார், தம் குடும்பச் செலவுக்கென நியாயஸ்தலத்தார் அனுமதித்த தொகையைக் கொண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கலாசாலையைக் காத்தார். தாம் இறந்தபின் தம் நகைகளை விற்று அப்பணத்தைக் கொண்டு நூல்கள் வாங்க வேண்டும் என்று ஏற்பாடும் செய்தார். 1905-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, 1906 ஏப்ரல் 18-ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில், முற்றுப்பெறும் நிலையிலிருந்த புதிய நூல்நிலையக் கட்டடம் இடிந்து பாழாயிற்று. கணவர் நினைவாக அவர் எழுப்பிய தேவாலயமும் பெருஞ்சேதம் அடைந்தது. ஆனால் அந்நகைகளின் விலையால் 1908-இல் ஏற்பட்ட மூலதனமோ அழியவில்லை. அதன் வருவாயால் இன்றளவும் ஆண்டுதோறும் நூல்கள் வாங்கப்பெறுகின்றன.

மற்றொன்று ஹார்வர்டு சர்வகலாசாலையின் வைடனர் நூல்நிலையம். 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அக்கலாசாலையில் கற்றவரும் அரிய நூல்களைத் தேடிச் சேர்த்தவருமான ஹாரி வைடனர் தம் 27-ஆம் வயதில் தந்தையாருடன் மாண்டார். அக்கப்பலிலிருந்து தப்பிய தாயார் எலியனார், மகன் சேர்த்த நூல்களுக்கென ஓர் அறையும், கலாசாலையின் நூல்களுக்கெனப் பெருங் கட்டடமும் எழுப்பி 1915-இல் ஒப்படைத்தார். கட்டடத்தின் வெளித்தோற்றத்தை எக்காலத்தும் மாற்றலாகாது என்று நிபந்தனையும் விதித்தார். தாயுள்ளம் அவ்வாறு வேண்டியதை யார் குறை கூறுவர்? எனினும் கலாசாலை வளரும் இயல்பினது. கொடுத்தவர் நிபந்தனை பெற்றவர் வளர்ச்சிக்கு விலங்காகாதபடி முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் வட்டாரத்து வரலாறு

இத்தனை தூரம் சென்றோமாயினும், நாம் தேடிய சான்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. சாத்தான்குளம் வட்டாரத்திலுள்ள கடாட்சபுரத்தை அறியாதார் நம்முள் இலர். 1830-இல் குருப்பட்டம் பெற்ற தமிழரான ஜான் தேவசகாயம் ஐயர் நெடுங்காலம் ஊழியம் செய்த ஊர் அது. அந்நாளில் சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தவர் ஜான் டக்கர் என்பவர். அவருடைய சகோதரி சாராள் டக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். உடல் நலிவால் வெளியே நடமாட இயலாத அவ்வம்மையார் இந்திய மண்ணை ஒரு நாளும் மிதித்தவரல்லர்.

திருநெல்வேலிச் சீமைப் பெண்கள் எழுத்தறிவின்றி இருக்கும் நிலையைத் தமையனார் எழுத்தால் அறிந்த சாராள் அம்மையார், தம் தோழியரோடு சேர்ந்து பொருள் திரட்டி அனுப்பினார். அதனைக் கொண்டு 1843-ஆம் ஆண்டளவில் கடாட்சபுரத்தில் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றும் பாடசாலை ஒன்று தொடங்கப்பெற்றது. நம் பனங்காட்டு ஊர்களில் அது எத்துணை அரிய முயற்சி என்பதை இன்றைய இளைஞர் உணர்தல் அரிது. ஆண்மகன் நாளுக்கு இருமுறை பனையேறிப் பதனீர் இறக்கினால், அது புளித்துப் போகுமுன் அன்றன்றே காய்ச்சி முடிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. விறகும் சருகும் பொறுக்கச் சிறுமியரின் கை வேண்டும். பதனீர்க் காலத்தில் ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கு விடுதல் அக்குடும்பத்துக்கு ஒரு கூலியாளை இழத்தலேயாம். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற பேச்சுக்குப் பின்னால் இந்த வறுமையும் நின்றது. கடாட்சபுரத்தில் கற்ற பெண்கள், கற்றதைப் பிற பெண்களுக்குக் கற்பிக்கும் பொருட்டே பயிற்றப்பெற்றமையால், ஓரிடத்தில் ஏற்றிய விளக்கு பல ஊர்களுக்கும் ஒளி தந்தது.

1857-ஆம் ஆண்டில், சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய அதே ஆண்டில், சாராள் டக்கர் காலமானார். அவருடைய தோழியர் அவருக்கு ஒரு ஞாபகார்த்தம் வேண்டுமெனக் கருதினர். அவரை அடக்கம் செய்த இங்கிலாந்தில் பளிங்குச் சிலை எழுப்பியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யாமல், அவர் கண்ணால் காணாத திருநெல்வேலிச் சீமைக்கே பொருளை அனுப்பினர். 1858-இல் பாளையங்கோட்டையில் அவர் பெயரால் பெண்கள் கல்வி நிலையம் அமைந்தது. அதுவே படிப்படியாக வளர்ந்து 1895-இல் கலாசாலையாக உயர்ந்தது. சென்னை மாநகரிலேயே பெண்களுக்கென முதற் கலாசாலையாகிய இராணி மேரிக் கல்லூரி ஏற்பட்டது 1914-ஆம் ஆண்டில்தான். தலைநகரம் பெறுதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகட்கு முன்பே, தாமிரபரணிக் கரையில் நம் பெண்மக்கள் கல்லூரி வாயிலை மிதித்தனர். அக்கல்லூரி இப்பொழுது 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடைபெறுகின்றது.

சாராள் டக்கர் பெரும்பதவி வகித்தவரல்லர், கோடீசுவரியும் அல்லர். அவரை நேசித்தவர் சிலர், அவர் எதை விரும்பினாரோ அதனையே தொடர்ந்து செய்தனர். அதனால் அவர் பெயர் நம் நாட்டுப் பெண்மக்கள் வாயில் நாள்தோறும் வழங்குகின்றது. நடமாட இயலாதவர் பெயரால் எழுந்த நிலையம், விடிலியை விட்டு அகல இயலாதிருந்த பெண்களை நடக்கச் செய்தது. இதனைச் சுமைதாங்கி என்னாது வேறு யாதென்று சொல்வது?

நம் சமூகத்தார் செய்தவை

நம் நாடார் சமூகத்தார் கல்விக்குச் செய்த தருமம், தனித்தனிச் செல்வரால் அல்லாது மகமையால் தொடங்கிற்று. வணிகத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு பெண்கள் உலையிலிடும் முன் ஒதுக்கிய பிடி அரிசியும் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்த கதை ஊரறிந்தது. 1910-இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் அவர்கள் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியபின் இவ்வூக்கம் மேலும் பெருகிற்று. பின்னர் 1947-இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் பெயர் தாங்கிய கல்லூரியும், 1963-இல் சிவகாசியில் அய்ய நாடார், ஜானகி அம்மாள் என்னும் தம்பதியர் இருவர் பெயரும் சேர்ந்து விளங்கும் கல்லூரியும் எழுந்தன. திருச்செந்தூரில் சி. பா. ஆதித்தனார் குடும்பத்தார் 1965-இல் ஆதித்தனார் கல்லூரியையும், 1986-இல் அன்னையார் கோவிந்தம்மாள் பெயரால் மகளிர் கல்லூரியையும் கண்டனர். இரத்த உறவு ஒன்றே இத்தகைய தருமத்துக்குக் காரணமென்பதும் இல்லை. 1936-இல் மறைந்த கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் பெயரால், 1951-இல் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியை நிறுவினார் ஏ. பி. சி. வீரபாகு அவர்கள்.

ஒன்றைமட்டும் மறத்தலாகாது. பெயர் பொறித்த கட்டடங்களுக்குக் கீழே, பெயர் பொறிக்கப்படாத பிடி அரிசி அடித்தளமாகக் கிடக்கின்றது. ஆதலின் எவர் பெயரால் எழுந்த மண்டபமும் அவர் குடும்பத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் தகாது.

வாயில் யாருக்கு?

கட்டடத்தின் அழகினும் அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கின்றது என்பதே பெரிய கேள்வி. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் தருமப்பணம் நெடுநாள் வழக்கிற் கிடந்து, 1842-இல் சென்னையில் பாடசாலையாயிற்று. பின் புகழ்பெற்ற கல்லூரியாயிற்று. பல்லாயிரவர்க்குக் கண் திறந்த அந்நிலையமும் 1947 வரை இந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. கோயில் வாயில்கள் நம்மவர்க்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தை நம் பாட்டனார் கண்டிருக்கின்றனர். கமுதிக் கோயில் வழக்கை நாம் மறந்தோமில்லை. அத்துன்பத்தை அறிந்த நாம், நம் பொருளால் எழும் கட்டடத்தின் வாயிலை இன்னார்க்கென்று குறுக்குவோமாயின், நம் வரலாற்றை நாமே பொய்யாக்கினவராவோம். கடாட்சபுரத்துக்குப் பொருள் அனுப்பியவர்கள் நம் குலத்தாரல்லர், நம் நாட்டாருமல்லர் என்பதை நினைவிற் கொள்க.

அன்பருக்கு நம் விடை

இவற்றையெல்லாம் கருதி நாம் அன்பருக்குக் கூறியது இது. முதலாவது, கொடுக்கும் பொருளை இரு கூறாக்குக; ஒரு கூறு கட்டடத்துக்கு, மற்றொரு கூறு மூலதனமாகப் பாங்கியில் இருந்து ஆண்டுதோறும் பழுது பார்த்தற்கும் நூல் வாங்குதற்கும் உதவுக. இரண்டாவது, கல்லூரிக்கு உண்மையில் என்ன தேவையென்று அங்குள்ள ஆசிரியரையும் மாணவியரையும் கேட்டறிக. அலங்கார வளைவினும் ஒரு படிப்பறையோ, கிராமத்துப் பெண்கள் தங்கும் விடுதி அறையோ, நல்ல குடிநீரும் கழிப்பிடமுமோ அவர்கட்கு இன்றியமையாததாக இருத்தல் கூடும். மூன்றாவது, இன்ன சாதியார், இன்ன சமயத்தார் என்னும் நிபந்தனை வேண்டா. நான்காவது, பின்னாளில் கட்டடத்தை மாற்றவோ விரிக்கவோ நேர்ந்தால் பெயர் மட்டும் நிலைக்க, மற்றவற்றைக் கல்லூரியார் விருப்பத்துக்கு விடுக.

அன்பர் முதலாவதைக் கேட்டு வருந்தினார். பாதிப் பணத்தைப் பாங்கியில் இட்டால் கட்டடம் சிறுத்துவிடுமே, அவள் பெயருக்கு அது குறைவன்றோ என்றார். அவர் துயரத்தின் அளவை நாம் அறிவோமாதலின் உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் ஜேன் அம்மையாரின் நகைகளைப் பற்றிச் சொன்னோம். கல்லும் சுண்ணாம்பும் ஒரு காலைப்பொழுதில் விழுந்ததையும், நகைகள் நூல்களாகி நூறு ஆண்டுகட்கு மேலாகக் கற்பவர் கைகளில் தவழ்வதையும் கேட்டு, அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். அவளும் நகையின்மேல் ஆசை வைத்தவளல்லள், பேத்திமார் பாடம் படிக்கும்போது அருகிலிருந்து கேட்பதில்தான் ஆசை என்று மட்டும் கூறினார். வருஷத் திவசத்திற்குள் முடிவு செய்து எழுதுவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார்.

கல்லில் என்ன பொறிப்பது என்றும் அவர் கேட்டிருந்தார். பட்டங்களும் புகழ்மொழிகளும் வேண்டுவதில்லை. அம்மையார் பெயரையும், அவர் ஊரையும், அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார் என்பதையும் பொறித்தால் போதும் என்பது நம் கருத்து. அதனைப் படித்து உள்ளே செல்லும் மாணவி ஒவ்வொருத்தியும், தான் யார் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றாள் என்பதை அறிந்துகொள்வாள்.

இன்று நம் சாத்தான்குளத்திலேயே மகளிருக்கென ஒரு கல்லூரி இருக்கின்றது. பாளையங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் நம் பெண்மக்கள் நாள்தோறும் சென்று பயில்கின்றனர். நம்மவருள் மக்களையோ, பெற்றோரையோ, துணைவரையோ இழந்து துயருறும் செல்வர் பலர் உளர். அவர்கள் தம் துயரத்தை ஒரு சுமைதாங்கியாக்கித் தருவாராயின், அதில் இறக்கிவைக்கப் பின்வரும் தலைமுறைகளின் சுமைகள் எத்தனையோ காத்திருக்கின்றன. எல்லாம் வல்ல இறைவன் அவர்கட்கு அம்மனத்தை அருள்வானாக.